பைக்ஸ் பீக் மலைப் பந்தயமும் மல்டிஸ்ட்ராடா மோட்டார் சைக்கிளும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே, 4,302 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பைக்ஸ் பீக் மலை. 2012 ஆகஸ்ட் 12 அன்று இம்மலையின் சாலைப் பந்தயத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் முதன்முறையாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சியை எட்டியது. எடுத்துக்கொண்ட நேரம் 9 நிமிடம் 52.819 விநாடி. வண்டியை ஓட்டியவர் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா ஊரைச் சேர்ந்த கார்லின் டன். அவர் ஓட்டியது பந்தயத்துக்கென்றே பிறந்த, தாழக் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக் அன்று. இருபுறமும் பெட்டிகளை மாட்டிக்கொண்டு இருவர் நெடும்பயணம் போவதற்கென உருவாக்கப்பட்ட, உயரமான இருக்கையும் அகலமான கைப்பிடியும் கொண்ட டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200.

சாகசப் பயண வண்டியின் தோற்றம்

இவ்வகை வண்டிகளை இன்று அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிள் என்று அழைக்கிறார்கள். பெரிய எஞ்சின் கொண்ட இவ்வகையின் தொடக்கமாக 1980இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர்80 ஜி/எஸ் வண்டியைக் குறிப்பிடுவது வழக்கம். அதன் ஆற்றல் 50 குதிரைத்திறன் மட்டுமே. அடுத்த ஆண்டே யூபர் ஓரியோல் இவ்வகை வண்டியில் பாரிஸ்–டாக்கர் பாலைவனப் பந்தயத்தை வென்றார். ஆனால் அது மணலில் பெற்ற வெற்றி. தார்ச்சாலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கைத் தொடர்ந்து செல்லும் வேகம் இந்த வண்டிகளுக்கு உண்டு என்று அந்நாளில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

2003இல் வந்த முதல் மல்டிஸ்ட்ராடா, எல்லாச் சாலைகளுக்கும் ஒரே வண்டி என்னும் எண்ணத்தில் பிறந்தது. 2010இல் டுகாட்டி அதை முற்றிலும் மாற்றி அமைத்தது. தன் 1198 சூப்பர்பைக்கின் எஞ்சினையே எடுத்து, உச்சத் திறனைச் சற்றுக் குறைத்து, நடுத்தர வேகத்தில் நன்றாக இழுக்கும்படி திருத்திப் பொருத்தியது. கிடைத்தது 150 குதிரைத்திறன். சாகசப் பயண வண்டிகளில் முன்சக்கரம் பெரும்பாலும் 19 அல்லது 21 அங்குலம் இருக்கும். இதில் ஸ்போர்ட்ஸ் பைக்குகளைப் போல இரண்டு சக்கரங்களும் 17 அங்குலம். கரடுமுரடான மண் பாதையில் இது ஒரு குறையே. தார்ச்சாலை வளைவில் வண்டியை விரைவாகச் சாய்க்க இதுவே உதவியது.

மண் சாலை தார்ச்சாலை ஆன கதை

பைக்ஸ் பீக் சாலையை அமைத்தவர் ஸ்பென்சர் பென்ரோஸ் என்னும் செல்வந்தர். சாலையை விளம்பரப்படுத்த 1916இல் அவரே பந்தயத்தையும் தொடங்கினார். அந்த முதல் பந்தயத்திலேயே மோட்டார் சைக்கிள்கள் ஓடின. பிறகு இடையிடையே நின்று, மீண்டும் சேர்க்கப்பட்டு வந்தன. தூரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், வளைவுகள் 156. பல வளைவுகளின் ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது; சரிவுதான்.

நெடுங்காலம் அது சரளை மண் சாலை. மழையும் பனியும் சரளையை அரித்து ஓடைகளிலும் காட்டிலும் கொண்டு போய்க் கொட்டின. இதை எதிர்த்து சியரா கிளப் என்னும் சூழலியல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. அதன் விளைவாகச் சாலைக்குப் பகுதி பகுதியாகத் தார் போடப்பட்டு, 2011இல் பணி முடிந்தது. ஓடைகளைக் காக்கத் தொடுத்த வழக்கு மோட்டார் பந்தயத்தின் வரலாற்றையே திருப்பிவிட்டது என்பது பலரும் கவனிக்காத செய்தி. மண் சாலைக் காலத்தில் எடை குறைந்த, மண்ணில் சறுக்கி ஓட்டத்தக்க வண்டிகளே வென்றன. முழுவதும் தார் போட்டபின் நடந்த முதல் பந்தயம்தான் 2012ஆம் ஆண்டுப் பந்தயம்.

மல்டிஸ்ட்ராடா அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டது. 2010இல் கிரெக் டிரேசி அதில் 1200 பிரிவை வென்றார். 2011இல் டன் முதன்முறையாகக் கலந்துகொண்டு 11 நிமிடம் 11 விநாடியில் ஏறி வென்றார். மண் பகுதி கொஞ்சம் மிச்சம் இருந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டில் ஒரு நிமிடத்துக்கும் மேல் குறைந்ததில் தார்ச்சாலையின் பங்கு பெரிது. 2012இல் டிரேசியும் 9 நிமிடம் 58.262 விநாடியில் ஏறினார். அவருடையதும் மல்டிஸ்ட்ராடாவே.

ஈடுகொடுக்க முடிந்தது எப்படி?

9 நிமிடம் 52 விநாடியில் 20 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 121 கிலோமீட்டர். ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் பைக் நேரான ஓடுதளத்தில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். அந்த வேகத்தைக் காட்ட இந்த மலையில் இடமில்லை. ஒரு வளைவு முடிந்து வண்டி நிமிரும்போதே அடுத்த வளைவுக்குப் பிரேக் பிடிக்க வேண்டும். எனவே உச்ச வேகத்தைவிட, வளைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் கிடைக்கும் இழுவைதான் முக்கியம். பாடநூல்கள் திருப்புவிசை என்று சொல்வது இதைத்தான். ஸ்போர்ட்ஸ் பைக்கின் எஞ்சின் மிக உயர்ந்த சுழற்சியில்தான் முழு ஆற்றலையும் தரும். மல்டிஸ்ட்ராடாவின் எஞ்சின் நடுத்தரச் சுழற்சியிலேயே இழுக்கத் தொடங்கிவிடும்.

அகலமான கைப்பிடி ஒரு நெம்புகோல். கை எவ்வளவு வெளியே இருக்கிறதோ அவ்வளவு குறைந்த விசையில் வண்டியை இடமிருந்து வலம் புரட்டலாம். 156 முறை புரட்டும்போது இந்தச் சிறு மிச்சம் கூடிக்கொண்டே போகும். நிமிர்ந்து உட்காருவதால் அடுத்த வளைவின் மறுமுனை முன்னதாகவே கண்ணில் படுகிறது. மலையின் மேற்பகுதியில் பனி உறைந்து உருகுவதால் சாலை மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். நீண்ட ஏற்ற இறக்கம் கொண்ட சஸ்பென்ஷன் அந்த மேடுகளை விழுங்கிச் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைக்கும். இறுக்கமான சஸ்பென்ஷன் கொண்ட ஸ்போர்ட்ஸ் பைக் அங்கே துள்ளும்.

இவற்றோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. பந்தயம் தொடங்கும் இடமே 2,862 மீட்டர் உயரம். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். எஞ்சின்கள் அதே அளவில் மூச்சுத் திணறும். 170 குதிரைத்திறன் உள்ள வண்டி 102க்கும், 150 உள்ளது 90க்கும் இறங்கும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். கீழே 20ஆக இருந்த வேறுபாடு மேலே 12ஆகச் சுருங்குகிறது. காற்றே தேவைப்படாத மின்சார மோட்டாருக்கு இந்த இழப்பு இல்லை. 2013இல் டன் லைட்னிங் மின்சார மோட்டார் சைக்கிளில் 10 நிமிடம் 0.694 விநாடியில் ஏறி, மல்டிஸ்ட்ராடா ஓட்டிய புரூனோ லாங்லுவாவைவிட 20 விநாடிக்கும் மேல் முந்தினார்.

உயரமான வண்டிக்குக் குறைகளும் உண்டு. எடை மேலே இருப்பதால் பலமாகப் பிரேக் பிடித்தால் முன்புறம் அமிழும். நிமிர்ந்த உடல் காற்றைத் தடுப்பதால் நேர்சாலையில் வேகம் இழக்கும். ஓடுதளத்தில் இதே ஓட்டுநர்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கில்தான் விரைவாக ஓடுவார்கள். மேலும் டன் ஓட்டியது கடையிலிருந்து அப்படியே எடுத்த வண்டி அன்று. பந்தய டயர்களுடன் தயார் செய்யப்பட்டது.

ஸ்போர்ட்ஸ் பைக்கின் மறுமொழி

2014இல் ஜெரமி டாய் கவாசாகி நிஞ்சா இசட்.எக்ஸ்-10ஆர் என்னும் அசல் ஸ்போர்ட்ஸ் பைக்கில் வந்து வென்றார். நேரம் 9 நிமிடம் 58.687 விநாடி. டன்னின் சாதனையைவிட ஏறத்தாழ 6 விநாடி அதிகம். ஆண்டுக்கு ஆண்டு வானிலையும் சாலையும் மாறுவதால் இதை மட்டும் வைத்து ஒரு வகையை உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பது சரியாகாது. இரண்டும் ஏறத்தாழ சமம் என்று சொன்னால் போதும்; அதுவே வியப்புக்குரியது.

டன்னின் சாதனை ஐந்து ஆண்டுகள் நிலைத்தது. 2017இல் கிறிஸ் ஃபில்மோர் கே.டி.எம். 1290 சூப்பர் டியூக் ஆர் வண்டியில் 9 நிமிடம் 49.625 விநாடியில் அதை முறியடித்தார். அவ்வண்டியில் மேலுறை இல்லை, எஞ்சின் பெரிது, கைப்பிடியோ மல்டிஸ்ட்ராடாவைப் போல அகலமானது. 2018இல் டன் மல்டிஸ்ட்ராடா 1260 வண்டியில் திரும்பி வந்து 9 நிமிடம் 59.102 விநாடியில் மீண்டும் வென்றார். இரண்டாவதாக வந்த ரென்னி ஸ்கேஸ்புரூக்குக்கும் அவருக்கும் இடையே ஒரு விநாடிகூட இல்லை.

2019 ஜூன் 30. டன் இம்முறை ஓட்டியது டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4இன் முன்மாதிரி. பானிகாலே வி4 சூப்பர்பைக்கின் மேலுறையைக் கழற்றி, அகலக் கைப்பிடி பொருத்தியது போன்ற வண்டி. முடிவுக்கோட்டுக்கு மிக அருகில், கடைசி வளைவில் அவர் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு உயிரிழந்தார். வயது 36. அதே நாளில் ஸ்கேஸ்புரூக் ஏப்ரிலியா டூவோனோ வி4 வண்டியில் 9 நிமிடம் 44.963 விநாடியில் ஏறிப் புதிய சாதனை படைத்தார்.

2020இல் அமைப்பாளர்கள் மோட்டார் சைக்கிள் பிரிவை நிறுத்திவைத்தனர். 2021இல் அதை நிலையாகவே கைவிட்டனர். ஆகவே ஸ்கேஸ்புரூக்கின் நேரம் இன்றும் அப்படியே நிற்கிறது. 2021இன் இறுதியில் டுகாட்டி, முன்னும் பின்னும் 17 அங்குலச் சக்கரங்களுடன் மல்டிஸ்ட்ராடா வி4இன் புதிய வடிவம் ஒன்றை அறிவித்தது. அதற்கு வைத்த பெயர் பைக்ஸ் பீக்.