ஆரல் கடலும் பருத்திக் கணக்கும்

கடல் எனப் பெயர் பெற்றிருப்பினும் மத்திய ஆசியாவின் ஆரல் ஓர் உவர் ஏரியே. 1960 இல் அது ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கிற்று. அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு நதிகளே அதற்கு நீரூட்டின. இன்று அதன் பெரும்பகுதி உப்புப் பாலை.

அந்நதிநீரைப் பருத்திக்குத் திருப்பும் ஆசை சோவியத் ஆட்சியிற் பிறந்ததன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் (1861-1865) பருத்தி வரவு குன்றவே, ஜார் காலத்து ஆலை முதலாளிகளின் கண் இப்பிரதேசத்தின்மீது விழுந்தது. 1865 இல் ருஷ்யப் படைகள் தாஷ்கந்தைக் கைப்பற்றின. ஏரியைச் சேரும் நீர் வீணே ஆவியாகிறது என்ற வாதத்துக்குக் காலநிலை அறிஞர் வொயேய்கோவ் போன்றோர் அறிவியலின் பெயரால் அந்தஸ்து அளித்தனர். முதலாளியத்தின் இவ்வாதத்தைப் புரட்சிக்குப் பின்வந்த திட்டக்காரரும் கேள்வியின்றி ஏற்றமைதான் நம்மை வியக்க வைக்கிறது.

ஏனெனில் ஏரியின் பயனை அவர்கள் அறியாதவரல்லர். 1921 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் லெனின் விடுத்த வேண்டுகோளை ஏற்று, ஆரல்ஸ்க் மீனவர் 14 புகையிரதப் பெட்டிகள் நிறைய மீன் அனுப்பினர். 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 40,000 தொன்னுக்கு மேல் மீன் பிடிபட்டது. கழிமுகத்து நாணற்காடுகள் மீனுக்கு முட்டையிடும் இடமாகவும் கால்நடைகளுக்குத் தீவனமாகவும் பயன்பட்டன. குளிர்காலக் கடுங்குளிரையும் கோடை வெப்பத்தையும் தணித்தது அப்பெருநீர்ப்பரப்பே. இத்தொண்டுக்கு எந்தப் பேரேட்டிலும் வரவுப் பக்கம் இருக்கவில்லை. பருத்திக்கு மட்டும் இலக்கு இருந்தது.

1954 இல் கரகும் கால்வாய் வெட்டத் தொடங்கப்பட்டது. வெறும் மணலில் வெட்டிய கால்வாய்களில் நீரில் ஒரு பகுதி ஊறி மறைந்தது. 1960 இல் லீற்றருக்கு ஏறத்தாழ 10 கிராமாக இருந்த ஏரியின் உப்பு, 1990 அளவில் 30 கிராமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் மடிந்தது. ஏரிக்கரை ஊரான முய்னாக்கின் தகரமீன் ஆலைக்குத் தொலைதூரக் கடல்களிலிருந்து மீன் கொண்டுவரப்பட்டதாம்! வெளிப்பட்ட ஏரித்தரையின் உப்பும் பூச்சிமருந்து நஞ்சும் காற்றிலேறி, அதே வயல்களிலும் மக்களின் நுரையீரலிலும் படிந்தன. வயலிற் படிந்த உப்பைக் கழுவ மேலும் நதிநீர் தேவைப்பட்டது.

1987 அளவில் ஏரி இரண்டாகப் பிரிந்தது. 1991 இல் சோவியத் ஒன்றியமும் கலைந்தது. எனினும் உஸ்பெக்கிஸ்தானின் பருத்தி வயல்கள் நதிநீரைத் தொடர்ந்து எடுத்தே வருகின்றன. 2005 இல் கசாக்கிஸ்தான் கொக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தபின், வடபகுதியில் உவர் தணிந்து நன்னீர் மீன்கள் திரும்பின, மீனவரும் திரும்பினர். தென்னேரியின் கீழ்ப்பகுதியோ 2014 இல் முற்றாக வற்றிற்று.