பெருங்குடல் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் மேல்மரபியல் கட்டுப்பாடு – ஆய்வு வரலாறு

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமுள்ள சிறு மூலக்கூறு ஆகும். இது தூது ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து புரத உற்பத்தியைக் குறைக்கிறது. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலேயே மரபணுவின் செயல்பாடு மாறுவதை ஆராயும் துறை மேல்மரபியல் (எபிஜெனெடிக்ஸ்) எனப்படும். இவ்விரு துறைகளும் சந்தித்த களங்களுள் ஒன்று பெருங்குடல் புற்றுநோய்.

தொடக்கம்

டி.என்.ஏ.வில் ஒட்டும் மெத்தில் குறிகள் பெருங்குடல் புற்றுத் திசுவில் இயல்பான திசுவைவிடக் குறைந்திருப்பதை 1983இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டீனும் காட்டினர். ஆனால் சில மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் இக்குறிகள் மிகுந்து அவற்றை முடக்குவது பின்னர் தெரியவந்தது.

முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. 1993இல் ஓர் உருளைப்புழுவில் அறியப்பட்டது. விக்டர் அம்புரோசு, கேரி ரவ்குன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் இதில் பங்காற்றின. மிர்-143, மிர்-145 ஆகியவை பெருங்குடல் கட்டிகளில் குறைந்திருப்பது 2003இல் வெளியானது. இத்தகைய குறைவுகளுக்கு மேல்மரபியல் மாற்றங்களும் காரணமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

முடக்கத்தின் காரணம்

2007இல் மானெல் எஸ்டெல்லர் குழுவினர், மெத்தில் குறியிடும் இரு நொதிகள் நீக்கப்பட்ட பெருங்குடல் புற்றுச் செல்களை ஆராய்ந்தனர். சாதாரணப் புற்றுச் செல்களில் முடங்கியிருந்த மிர்-124ஏ, இவற்றில் மீண்டும் உருவானது.

2008இல் மினோரு டொயோட்டா குழுவினர் 111 கட்டிகளைச் சோதித்து, 101இல் மிர்-34பி/சி மரபணு மெத்தில் குறிகளால் அடைபட்டிருப்பதைக் கண்டனர். மிர்-34 குடும்பம், புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தின் ஆணைப்படி இயங்குவது. எனவே பி53 நலமாக இருந்தாலும் அதன் ஆணையை நிறைவேற்றும் துணைகளுள் ஒன்று இல்லாமற்போகிறது.

புற்றாக மாறுவதற்கு முந்தைய அடினோமா நிலையிலேயே மிர்-137 முடங்குவதை 2010இல் அஜய் கோயல் உள்ளிட்டோர் காட்டினர். நோயை முன்கூட்டியே கண்டறிய இது வழிகாட்டும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

மருத்துவ முயற்சிகள்

மரபணுப் பிழையைத் திருத்துவது கடினம். மெத்தில் குறியை நீக்க இயலும். டெசிடபின் என்னும் மருந்து ஆய்வகச் செல்களில் மிர்-34பி/சி-யை மீட்டெடுத்தது. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் தேர்ந்தெடுத்துச் செயல்படுவதில்லை. மிர்-34ஏ-வின் செயற்கைப் படியைக் கல்லீரல் புற்று உள்ளிட்ட கட்டிகளுள்ள நோயாளிகளுக்குச் செலுத்திய சோதனை, உயிரிழப்பு வரை சென்ற நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. கண்டுபிடிப்புக்காக அம்புரோசும் ரவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாண்டு வரை பெருங்குடல் புற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து எதுவும் ஒப்புதல் பெறவில்லை.