புழுவுக்குள் ஒரு குடித்தனம்

கும்பகோணம் பக்கம் யானைக்கால் தடுப்புப் பிரிவில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தபோது, எங்கள் வேலையே ராத்திரிதான். நம் ஊர் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, இரவில்தான் விரல்நுனி ரத்தத்துக்கு வரும். தூங்குகிறவர்களை எழுப்பி ஊசி குத்துவோம். "பட்டப்பகல்ல வரக்கூடாதாப்பா?" என்று கேட்காத பாட்டி கிடையாது.

மறுநாள் ஸ்லைடைத் தண்ணீரில் போட்டுச் சிவப்பைப் போக்கி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உறை போர்த்திய புழு நெளிந்தபடியே காய்ந்து கிடக்கும். வால்நுனி வெறுமையாக இருந்தால் உச்செரேரியா; அங்கே இரண்டு புள்ளி இருந்தால் புரூஜியா. எங்கள் கண் வாலிலேயே இருந்தது. வயிற்றுப் பக்கம் பார்த்திருந்தாலும், உள்ளே குடியிருந்த பாக்டீரியா அந்தச் சாயத்தில் பிடிபட்டிருக்காது.

அதன் பெயர் உல்பாக்கியா. 1924இல் ஹெர்டிக், உல்பாக் என்ற இரு அமெரிக்கர்கள் அதைக் கியூலெக்ஸ் கொசுவுக்குள் கண்டார்கள். 1967இல் லாவென் என்ற ஜெர்மானியர், யானைக்காலைப் பரப்பும் கொசுவை ஒழிக்க பர்மாவில் ஒரு சோதனை செய்தார். ரங்கூனுக்குப் பக்கத்தில் ஓக்போ கிராமத்தில் வேறு வம்சத்து ஆண் கொசுக்களைப் பறக்கவிட்டார். உள்ளூர்ப் பெண் கொசுக்கள் இட்ட முட்டைகள் பொரியவில்லை. அதற்குக் காரணம் உல்பாக்கியாதான் என்பது 1971இல் தெரிந்தது.

அதே 1970களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் யானைக்கால் இனப் புழுக்களைப் பார்த்தவர்கள், உள்ளே பாக்டீரியா இருப்பதாக எழுதினார்கள். எழுதியதோடு சரி! கொசுக்காரர்கள் ஒரு பக்கம், புழுக்காரர்கள் ஒரு பக்கம். 1995இல் இத்தாலிக்காரர்கள் நாயின் இதயப்புழுவை ஆராய்ந்து, புழுவுக்குள் இருப்பதும் கொசுவுக்குள் இருப்பதும் ஒரே வம்சத்து பாக்டீரியா என்று சொல்லும்வரை யாரும் முடிச்சுப் போடவில்லை. இருபது வருஷம் வீண் என்பது என் கணக்கு. அந்த பாக்டீரியாவைக் கொல்லும் டெட்ராசைக்ளின் அப்போதே எல்லா மருந்துக்கடையிலும் இருந்ததே.

அந்த பாக்டீரியா இல்லாமல் தாய்ப்புழுவால் குஞ்சு பொரிக்க முடியாது. முட்டை வழியாகவே அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தான்சானியாவில் நோயாளிகளுக்கு எட்டு வாரம் தினம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் (அதுவும் டெட்ராசைக்ளின் வகைதான்) கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ரத்தத்தில் குஞ்சுகள் கிட்டத்தட்ட அற்றுப்போயின. தாய்ப்புழுக்களும் பெரும்பாலும் செத்தன. நாங்கள் பாசிட்டிவ் வந்தவர்களுக்குப் பன்னிரண்டு நாள் கொடுத்த டி.இ.சி. மாத்திரை முக்கியமாகக் குஞ்சுகளைத்தான் கொல்லும்.

"மாத்திரை போட்டா காய்ச்சல் வருது சார்" என்று அன்று சொன்னவர்களுக்கு, புழு சாகிறது என்று பதில் சொல்லி அனுப்புவோம். சாகும் புழுவிலிருந்து கொட்டும் உல்பாக்கியாவும் அந்தக் காய்ச்சலில் ஒரு பங்கு என்பது பிற்பாடு வந்த ஆய்வு.

ஆனாலும் டாக்ஸிசைக்ளினைத் தெருத்தெருவாகக் கொடுக்க வழியில்லை. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் மாத்திரையையே ஜன்னலில் வைத்துவிட்டு "அப்புறம் போட்டுக்கிறேன்" என்பவர்களிடம், வாரக்கணக்கில் தினம் விழுங்கச் சொல்லி யார் நடப்பது?