ஸ்டார் டிரெக்கும் ரசிகர் கடிதங்களும்

ஸ்டார் டிரெக் என்பது அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொடர். இதை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. முதல் ஒளிபரப்பின்போது பார்வையாளர் எண்ணிக்கையில் இது பெரிய வெற்றி பெறவில்லை. நிறுத்தப்பட்ட பிறகுதான் புகழ் பெருகியது. பல திரைப்படங்களும் புதிய தொடர்களும் அதன் வழியில் வந்தன. இந்தத் திருப்பத்தில் ரசிகர்களின் கடிதங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவை எதைச் சாதித்தன, எதைச் சாதிக்கவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கமும் முதல் விமர்சனங்களும்

ராடன்பெரி எடுத்த முதல் மாதிரி அத்தியாயத்தை என்.பி.சி. ஏற்கவில்லை. ஆனால் திட்டத்தைக் கைவிடாமல், இன்னொரு மாதிரியை எடுத்துவரச் சொன்னது. அந்த இரண்டாம் முயற்சியே தொடராக வளர்ந்தது.

எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1966 நவம்பரில் டிவி கைடு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தொலைக்காட்சி அறிவியல் புனைவுகளில் உள்ள அறிவியல் பிழைகளை அதில் கேலி செய்தார். ஸ்டார் டிரெக்கும் அதில் தப்பவில்லை. ராடன்பெரி அவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, வாராவாரம் ஒரு தொடரை எடுப்பதன் சிரமங்களை விளக்கினார். இருவரும் நண்பர்களாயினர். 1979-இல் வெளிவந்த முதல் ஸ்டார் டிரெக் திரைப்படத்தில் அறிவியல் ஆலோசகராக அசிமோவின் பெயர் இடம்பெற்றது.

கடித இயக்கம்

1967-ஆம் ஆண்டின் இறுதியில், இரண்டாம் பருவத்தோடு தொடர் நின்றுவிடும் என்ற செய்தி பரவியது. பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற ரசிகத் தம்பதியினர் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். அச்சடித்த படிவங்களை அனுப்பக் கூடாது. ஒருவர் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும். உறையின் மேல் தொடரின் பெயரை எழுதக் கூடாது. இவை அவர்கள் கொடுத்த அறிவுரைகள். பெயர் இல்லாத உறையைப் பிரித்துப் படிக்காமல் ஒதுக்க முடியாது என்பது கணக்கு.

1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் பர்பேங்க் நகரிலுள்ள என்.பி.சி. வளாகத்துக்குத் தீப்பந்த ஊர்வலம் சென்றனர். அந்தப் பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கடிதங்கள் வந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. 1968 மார்ச் 1 அன்று, ஒளிபரப்பின் முடிவிலேயே தொடர் நீடிக்கும் என அறிவித்தது.

இந்த இயக்கம் முழுக்கத் தானாக எழுந்ததல்ல. ராடன்பெரி திரைமறைவில் அதற்கு ஊக்கமும் உதவியும் அளித்தார். ஆயினும் கடிதம் எழுதியவர்கள் உண்மையான பார்வையாளர்கள்.

வெற்றியின் விலை

அன்று ஒரு தொடரின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானித்தது நீல்சன் நிறுவனத்தின் கணக்கெடுப்பு. மாதிரி வீடுகளைக் கொண்டு, நாட்டில் எத்தனை வீடுகளில் ஒரு நிகழ்ச்சி பார்க்கப்படுகிறது என்று அது மதிப்பிட்டது. பார்ப்பவர் யார், எவ்வளவு ஈடுபாட்டோடு பார்க்கிறார் என்பதை அந்த ஒற்றை எண் சொல்லவில்லை. கடிதங்கள் அந்த இடைவெளியை நிரப்பின.

ஆனால் தொடரை நீட்டித்த நிறுவனம் அதற்கு வெள்ளிக்கிழமை இரவு 10 மணியை ஒதுக்கியது. இளைஞர்கள் வெளியே செல்லும் நேரம் அது. தயாரிப்புச் செலவும் குறைக்கப்பட்டது. ராடன்பெரி அன்றாடத் தயாரிப்பிலிருந்து விலகினார். மூன்றாம் பருவம் முந்தைய இரண்டைவிட வலுவற்றது என்பது பல ரசிகர்களின் கருத்து. 1969-இல் தொடர் நிறுத்தப்பட்டது. கடைசி அத்தியாயம் ஒளிபரப்பான ஏழு வாரங்களுக்குள் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியது.

மறுஒளிபரப்பு

முதல் இரண்டு பருவங்களில் 55 அத்தியாயங்கள் இருந்தன. மூன்றாம் பருவத்தின் 24 சேர்ந்து மொத்தம் 79 ஆயிற்று. உள்ளூர் நிலையங்கள் பழைய தொடர்களை வாரம் ஐந்து நாளும் ஒளிபரப்புவது வழக்கம். அந்தக் கணக்கில் 55 அத்தியாயங்கள் 11 வாரங்களில் தீர்ந்துவிடும். 79 அத்தியாயங்கள் ஏறத்தாழ 16 வாரங்கள் வரும். குறை சொல்லப்பட்ட அந்தப் பருவமே தொடரை மறுஒளிபரப்புக்கு ஏற்றதாக்கியது. மாலை வேளைகளில் அதைப் பார்த்த மாணவர்களிடையே ஒரு புதிய ரசிகர் தலைமுறை உருவானது.

1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என அமைப்பாளர்கள் எதிர்பார்த்தனர். 3,000 பேருக்கு மேல் வந்தனர். 1976-இல் ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்கள் எழுதினர். அதன் விளைவாக, 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிடப்படவிருந்த நாசாவின் முதல் விண்ணோடத்துக்குத் தொடரில் வரும் கப்பலின் பெயரான 'எண்டர்பிரைஸ்' சூட்டப்பட்டது. அது சோதனைகளுக்குப் பயன்பட்டது, விண்வெளிக்குச் செல்லவில்லை.

மதிப்பீடு

ரசிகர்கள் தொடரைக் காப்பாற்றினார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் பெற்றுத் தந்தது ஓர் ஆண்டு மட்டுமே. தொடரின் தரத்தையோ ஒளிபரப்பு நேரத்தையோ அவர்களால் காக்க முடியவில்லை. எனினும் அந்த ஓர் ஆண்டு இல்லாவிட்டால் பிற்கால வளர்ச்சி கடினமாகியிருக்கும்.

இதே முறை பின்னர் மீநாயகர் படங்களுக்கும் வந்தது. 2017-இல் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தின் இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் வடிவத்தைக் கேட்டு ரசிகர்கள் இணையத்தில் இயக்கம் நடத்தினர். நான்கு மணி நேர வடிவம் 2021-இல் வெளியானது. அந்த இயக்கத்தில் போலிக் கணக்குகளும் கலந்திருந்தன என்று ரோலிங் ஸ்டோன் இதழ் 2022-இல் எழுதியது. 1968-இல் கடிதம் அனுப்ப ஒருவர் உட்கார்ந்து எழுதி, தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே அக்கருத்துக்கு எடை சேர்த்தது.