தாச்சி, வினாகிரி, பொரிச்ச மீன்

போன மாரியில் ஒருநாள், கல்லடியில் எங்கட வீட்டுக் குசினியில் கிரேக்க மீன் பொரியல் ஒன்று செய்து பார்த்தேன். பேர் சவோரோ. கிரேக்கத்தின் மேற்குக் கடலில் கிடக்கிற அயோனியத் தீவுகளில் விரும்பிச் சாப்பிடுகிற சாமான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சின்ன மீனைக் கழுவி, உப்புப் போட்டு, கோதுமை மாவில் பிரட்டி, ஒலிவ் எண்ணெயில் பொரிக்க வேணும். பொரிச்ச பிறகு தாச்சியில் கொஞ்ச எண்ணெயை மட்டும் விட்டு, உள்ளியும் ரோஸ்மேரி இலையும் போட்டு, ஒரு கரண்டி மா தூவி, வினாகிரியும் தண்ணியும் ஊற்றினால் புளிப்பாக ஒரு குழம்பு திரளும். அதை மீனுக்கு மேல் ஊற்றி ஆறவிட்டு, அடுத்த நாள்தான் சாப்பிடுறது.

நான் வாங்கினது சூடை மீன். ஒலிவ் எண்ணெய் விற்கிற விலைக்குத் தேங்காய் எண்ணெயே போதும் எண்டு முடிவு. ரோஸ்மேரிக்குப் பதிலா முற்றத்துக் கறிவேப்பிலை. அம்மம்மா பார்த்துக்கொண்டே நிண்டவ, வினாகிரிப் போத்தலைத் திறக்கவும் பொறுக்க ஏலாமல் கேட்டா: "என்ன மனே இது, மொறுமொறுண்டு பொரிச்ச மீனை மறுகா நனைக்கிறாய்?"

நியாயமான கேள்விதான். பிரிட்ஜ் இல்லாத காலத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். அப்பிசியஸ் என்ற பேரில் கிடைக்கிற பழைய ரோமச் சமையல் நூலில், பொரிச்ச மீன் கனநாள் பழுதாகாமல் இருக்க என்ன செய்யலாம் எண்டு ஒரு குறிப்பு இருக்கு: தாச்சியால் எடுத்த கையோடு சூடான வினாகிரியை ஊற்று. அவ்வளவுதான். நாங்கள் உப்பையும் வெயிலையும் வைச்சுக் கருவாடு போட்ட மாதிரி, அவர்கள் புளிப்பை நம்பினார்கள். வெனிஸ் நகரத்தில் இதே வேலைக்கு 'சாவோர்' எண்டு பேர். அயோனியத் தீவுகளில் ஒன்றான கோர்ஃபு 1797 வரைக்கும் வெனிஸின் ஆட்சியில்தான் இருந்தது. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் இது 'எஸ்கபேச்சே'. அந்தச் சொல் அரபு வழியாகப் பாரசீகத்தில் இருந்து போனது. ஆக, ஒரு கடலைச் சுற்றியிருந்த எல்லாரும் மீனைப் பொரித்து வினாகிரியில் போட்டார்கள், ஒவ்வொருத்தரும் அது தங்கட சாப்பாடு எண்டார்கள்.

இப்ப இந்தக் கட்டுரையின் முதல் பந்தியைத் திரும்ப ஒருக்கா பாருங்க. குசினி, தாச்சி, வினாகிரி. மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். அவர்கள் கொசின்யா, தாஷு, வினாக்ரெ எண்டதை நாங்கள் எங்கட நாக்குக்கு வளைச்சு எடுத்திருக்கிறம். தமிழ்நாட்டுச் சிநேகிதர்களிடம் தாச்சி எண்டால் முழிப்பார்கள், அவர்களுக்கு அது வாணலி. பொரிக்கிறது எங்கட பழைய சொல். பொரிக்கிற சட்டியும் அந்தக் காலத்தில் இருந்திருக்கும். சட்டி இருக்க, பேர் மட்டும் எப்படி மாறினது?

போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டத் தொடங்கியது 1628இல். 1638 மே மாதம் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து அதைப் பிடித்துவிட்டார்கள். பத்தே வருசம். அதற்குப் பிறகு 1796இல் ஆங்கிலேயர் முழுசாகக் கைப்பற்றும் வரைக்கும் கரையோர இலங்கையில் ஒல்லாந்தர்தான் பெரிய ஆள். இருந்தும் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டில் நிலைத்தது ஒல்லாந்த மொழி அல்ல, போர்த்துக்கேயக் கிரியோல். அதுவும் தமிழோடு நாலு நூற்றாண்டு ஒரே வேலிக்குள் இருந்து, வினைச்சொல்லைத் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வைக்கப் பழகின போர்த்துக்கேயம். பீரங்கியால் ஒரு சொல் அடுப்படி வரைக்கும் வராது எண்டது என்ட எண்ணம். கலியாணம், அயல்வீடு, கடன் வாங்கின ஒரு போத்தல் வினாகிரி, இப்படித்தான் வந்திருக்க வேணும்.

கிரேக்கத்துக்கும் எங்களுக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு இருக்கு, ஆனால் அது மேலிடத்துத் தொடர்பு. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், பிற்காலத்தில் கோர்ஃபுவில் அயோனியக் கல்விக்கழகத்தை நிறுவியவர். அவருக்குப் பிறகு இங்கே வந்த தோமஸ் மெயிற்லண்ட், மறுகா அயோனியத் தீவுகளை ஆளப் போனார். ஹென்றி வோர்ட் அங்கே ஆண்டு முடித்து 1855இல் இங்கே வந்தார். அவர்கள் போட்ட உத்தரவுகள் எல்லாம் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கு. தாச்சி எண்ட சொல்லை வேலிக்கு மேலால் தந்த பொம்பிளையின் பேர் எங்கேயும் இல்லை.

அந்தச் சொல்லைத் தந்த மொழியும் இப்ப போய்க்கொண்டிருக்கு. கிரியோலைச் சரளமாகக் கதைக்கிறவர்கள் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ள வயசானவர்கள்தான் அதிகம். லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹியூகோ கார்டோசோவும் அவரோடு வேலை செய்தவர்களும் அவர்கள் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பறங்கியர் கூடுதலாக வாழ்ந்த டச்பாரை 2004 திசம்பர் 26ஆம் திகதி கடல் அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சின குடும்பங்களில் பல அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன.

என்ட வகுப்பிலும் ஒரு பறங்கிப் பெடியன் இருந்தான். அவன்ட அம்மா பள்ளிக்கூட வாசலில் அவனோடு அந்தப் பாசையில் கதைப்பா. நாங்கள் அதைத் திரும்பச் சொல்லிச் சிரிப்பம். 'பறங்கி' எண்ட சொல்லை நாங்கள் சொல்லுற விதத்திலேயே ஒரு நக்கல் இருக்கும். கொஞ்ச நாளில் அவன் அம்மாவுக்குத் தமிழில் பதில் சொல்லத் தொடங்கினான். அதை நாங்கள் வெற்றி எண்டுகூட நினைக்கயில்லை, கவனிக்கவே இல்லை. வீட்டுக்குப் போய்க் குசினிக்குள், தாச்சியில் பொரிச்ச மீனைத் திண்டம்.

ஊர்ச் சாப்பாட்டுக்குள் வெளிச் சாமானைக் கலக்காதே எண்டு என்னோடு சண்டை பிடிக்கிற சிநேகிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒண்டு சொல்லலாம்: வாவியில் தாராளமாகப் படுகிற திலாப்பியா ஆபிரிக்க மீன், 1952இல்தான் இலங்கைக்குக் கொண்டுவந்தது. மீனுக்குப் பூசுகிற மிளகாய்த்தூளின் மிளகாய் அமெரிக்காவில் பிறந்தது. அதையும் ஆசியாவுக்குக் கொண்டுவந்தது போர்த்துக்கேயர்தான்.

அடுத்த நாள் மத்தியானம் சவோரோவைச் சோறோடு வைச்சம். மொறுமொறுப்புப் போயிருந்தது, ஆனால் புளிப்பு முள்ளு வரைக்கும் இறங்கியிருந்தது. அம்மம்மா ஒண்டும் சொல்லாமல் ரெண்டாந்தரமும் எடுத்தா. பிறகு, "செத்தல் மிளகாய் ரெண்டு கிள்ளிப் போட்டிருக்கலாம்" எண்டா.

படத்தை அந்தப் பெடியனுக்கு அனுப்பினேன். இப்ப மெல்போர்னில் இருக்கிறான். உங்கட பாசையில் பொரிச்ச மீனுக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டேன். கனநேரம் கழிச்சுப் பதில் வந்தது: "மறந்திற்றன் மச்சான். அம்மாட்டக் கேட்டுச் சொல்றன்."