கண்டிச் சேனையும் கடின மணிச் சோளமும்

இலங்கையர் சோளம் என்பது அமெரிக்கக் கண்டத்துப் பயிராகும். தமிழர் பழந்தானியமொன்றின் பெயரையே இதற்கு இட்டனர். சிங்களவரும் இறிங்கு என்னும் தம் பழம்பெயருக்கு அடைகொடுத்துப் 'படஇறிங்கு' என்றனர்.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், மக்கள் குரக்கனைத் திரிகையில் அரைத்து ஓட்டிற் சுட்டுண்டதை எழுதியுள்ளார். சேனையிற் குரக்கனுக்குத் துணையாய் வந்த சோளத்துக்கும் அதே திரிகை, அதே ஓடு போதுமாயிருந்தன.

கடின மணியின் சிறப்பு அதன் புறப்பகுதியில் உள்ளது. உள்ளிருக்கும் மென்மாவைக் கண்ணாடிபோன்ற வன்மா சூழ்ந்திருப்பதால் வண்டு எளிதில் துளைக்கமாட்டாது. மடலோடு பிணைத்து அடுப்பின்மேற் புகைபடத் தொங்கவிட்ட கதிர், அடுத்த விதைப்புவரை கெடாதிருக்கும். இளங்கதிரை அவிக்கலாம், முற்றியதை மாவாக்கி ரொட்டியோ பிட்டோ செய்யலாம். பொரிச்சோளமும் இவ்வினத்ததே: மணிக்குள் அகப்பட்ட நீர் ஆவியாகி, வன்றோலை வெடிப்பிக்கின்றது.

நெல் பொய்த்த காலத்தில் ஏழைக் குடியானவனைத் தாங்கியது சேனையே. கண்டி 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ, சன்னசு முதலிய ஆவணமில்லாத கண்டிச் சேனைகளை முடிக்குரியன என்றது. தலைமுறை தலைமுறையாக மாறிமாறி உழுத காட்டுக்கு அவன் எந்த ஓலையைக் காட்டுவான்? மலைச்சரிவுகளிற் கோப்பி எழுந்தது.

இன்று சோளம் பெரும்பாலும் அநுராதபுரம், மொனறாகலை முதலிய உலர்வலய மாவட்டங்களில் விளைகின்றது; விளைச்சலிற் பெரும்பங்கு கோழித் தீனியாகின்றது.