எஸ்யூவியில் கேம்பிங், மீன்பிடி பயணம்: எதை மாட்டலாம்? எதை மாட்டினால் சிக்கல்?

தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளை வாங்கிய பலருக்கு, ஷோரூமை விட்டு வெளியே வந்த சில வாரங்களிலேயே அடுத்த செலவு தொடங்கிவிடுகிறது. கூரையில் ரேக், அதன் மேல் டென்ட், முன்னால் இரும்பு பம்பர், பெரிய டயர், கண்ணைப் பறிக்கும் எல்இடி பார் என்று வண்டியே ஆளே மாறிப்போகிறது. ரீல்ஸில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனா இதில் சில பொருட்களுக்கு ஆர்டிஓ அபராதம் போடுவார். இன்னும் சில பொருட்கள், வண்டி மணலில் புதையும்போது எந்த உதவியும் செய்யாது.

குடும்பத்தோடு, இல்லை நண்பர்களோடு நீர்நிலை பக்கம் போய், தூண்டில் போட்டு, ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர உண்மையில் என்னதான் வேணும்? பார்க்கலாம்.

முதல் கணக்கு எடைதான்

கடைக்குப் போகும் முன் ஆர்சியை எடுத்துப் பாருங்கள். வண்டியின் காலி எடையும், மொத்தமாக எவ்வளவு ஏற்றலாம் என்ற வரம்பும் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு ஐந்து கதவு மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். காலி எடை சுமார் 1,200 கிலோ. வரம்பு 1,545 கிலோ. ஆக ஆட்கள், பைகள், தண்ணீர், ஐஸ், பிடித்த மீன் எல்லாம் சேர்த்து 345 கிலோ அளவுக்குள் முடித்தாக வேண்டும்.

தலைக்கு 70 கிலோ என்று வைத்தால் நான்கு பேருக்கே 280 கிலோ போய்விடும். மிச்சம் 65 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ, ஐஸ் போட்ட பெட்டி ஒரு 25 கிலோ. மீதி இருக்கும் 20 கிலோவில்தான் டென்ட், அடுப்பு, துணிமணி, தூண்டில் எல்லாம் அடங்க வேண்டும். கூரை டென்ட் மட்டுமே 50 முதல் 70 கிலோ இருக்கும். இப்போ புரியுதா, கணக்கு எங்கே இடிக்குதுன்னு?

கூரைக்குத் தனியாக இன்னொரு வரம்பும் இருக்கிறது. வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை வேறு, நின்றிருக்கும்போது தாங்கும் எடை வேறு. நிற்கும்போது இரண்டு பேர் மேலே படுக்கலாம், அது பெரும்பாலும் பிரச்னை இல்லை. ஓடும்போதுதான் சிக்கல். வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் ஒரு பக்கம் சாயும்போதும் மேலே இருக்கும் எடைதான் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்கு ஓடும்போது கூரை வரம்பு 30 கிலோதான், அதிலும் ரேக்கின் எடை சேர்த்தி. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

ஆகவே நான்கு பேர் போகும் சின்ன எஸ்யூவிக்கு கூரை டென்ட் சரிப்படாது. நான்கைந்து கிலோ எடையுள்ள தரை டென்ட் போதும். இரண்டு பேர்தான் என்றால் பின் சீட்டை மடக்கி, மேலே மெத்தை விரித்து உள்ளேயே படுத்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கு மாட்டும் கொசுவலை சில நூறு ரூபாய்தான். காற்றும் வரும், கொசுவும் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் சேர்த்து விதிக்கலாம். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். வண்டியில் நான்கு மாற்றம் என்றால் 20,000 ரூபாய்.

முன்னால் மாட்டும் புல் பார், கிராஷ் கார்டு விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அந்தக் கம்பி மோதலின் வேகத்தை வேறுவிதமாகக் கடத்துவதால் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். மோதப்படுகிற பாதசாரிக்கும் அடி பலமாக விழும். வண்டியைப் பாதுகாக்க மாட்டியது உள்ளே இருப்பவரை காவு வாங்கிவிடக் கூடாது.

கம்பெனி அளவை விடப் பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், கூடுதல் எல்இடி பார் எல்லாமே கேள்விக்கு இடம் தரும் மாற்றங்கள். இதில் பலரும் யோசிக்காத ஒன்று இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியும். தண்ணீரில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், ‘இன்ஜின் புரொடெக்ட்’ ஆட்-ஆன் இல்லாத சாதாரண பாலிசியில் அந்தச் செலவு பொதுவாக வராது. காற்றை உயரத்தில் இருந்து இழுக்கும் ஸ்நார்கெல் வேண்டுமென்றால், ஃபோர்ஸ் கூர்க்கா போல கம்பெனியே பொருத்தித் தரும் வண்டியை வாங்குவது நல்லது. வெளியே வாங்கி, வண்டி உடம்பில் ஓட்டை போட்டு மாட்டுவது தேவையில்லாத தலைவலி.

அப்போ எதை வாங்கலாம்? கழற்றி எடுக்கக்கூடிய பொருளை வாங்குங்கள். வீட்டில் இறக்கி வைத்துவிட்டால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது.

டயர் காற்றும் கம்ப்ரஸரும்

மணலில், சேற்றில் போகிறவர்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் எதையும் விட அதிகம் உதவுவது டயரில் காற்றைக் குறைப்பதுதான். ரோட்டில் 30 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் காற்றை, இளகிய மணலில் 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் தட்டையாகி தரையில் படும் பரப்பு கூடும். வண்டி மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். 15-க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு கழன்றுவிடும் ஆபத்து உண்டு. காற்று குறைந்த டயரில் மெதுவாகத்தான் போக வேண்டும், ஸ்டியரிங்கையும் வெட்டித் திருப்பக்கூடாது.

திரும்ப தார் ரோட்டில் ஏறும் முன் காற்றை நிரப்பியே ஆகணும். அதற்குத்தான் காற்றழுத்தம் பார்க்கும் கேஜும், 12 வோல்ட் கம்ப்ரஸரும். பஞ்சருக்காக விற்கும் சின்ன கம்ப்ரஸர், நாலு டயரையும் ஒரே மூச்சில் நிரப்பினால் சூடாகி நின்றுவிடும். இடையில் ஆற விட வேண்டும். வேகமாக நிரப்பும் பெரிய கம்ப்ரஸர் 25, 30 ஆம்பியர் இழுக்கும். அதை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் ஃபியூஸ் போய்விடும். நேராக பேட்டரியில் கிளிப் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பயன்படுத்துவதுதான் முறை.

புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்ற பள்ளம் ஆழமாகும். ஒரு மண்வெட்டி, இரண்டு ரெக்கவரி போர்டு போதும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைத் தோண்டி எடுத்து, போர்டைச் செருகி, மெதுவாக நகர்த்துங்கள்.

இன்னொரு வண்டி வைத்து இழுப்பதாக இருந்தால்தான் உயிர் ஆபத்தே இருக்கிறது. லாரியில் சரக்கு கட்டும் பெல்ட்டோ, கிணற்றுக் கயிறோ, இரும்புச் சங்கிலியோ வேண்டாம். வண்டி எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு தாங்கும் ரெக்கவரி கயிறும், இரும்பு கொக்கிக்குப் பதில் சாஃப்ட் ஷேக்கிளும் வாங்குங்கள். மாட்டுவது கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கியில் மட்டும்தான். டிரெய்லர் இணைக்கும் உருண்டையில் மாட்டி இழுத்து, அது பிய்ந்து குண்டு போலப் பறந்து ஆட்களைக் கொன்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. கயிறு நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. வீடியோ எடுப்பவரும்தான்.

ஃபோர் வீல் டிரைவ் இல்லாத எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். முன் சக்கரத்தில் மட்டும் இழுக்கும் வண்டி, உருவம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இளகிய மணலில் கார்தான்.

ஃபிரிட்ஜா, ஐஸ் பெட்டியா?

கார் ஃபிரிட்ஜ் இப்போது ட்ரெண்ட். அது ஓடும்போது 12 வோல்ட்டில் நான்கு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நம்ம ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சராசரியாக மணிக்கு 2 ஆம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-அவர். வண்டி பேட்டரி 60 ஆம்பியர்-அவர் என்றால், அதில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. ஒரு ராத்திரி தாங்கும், அடுத்த நாள் மதியம் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஃபிரிட்ஜ் வேண்டுமென்றால் தனி லித்தியம் பேட்டரி, இல்லை போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் கட்டாயம். அதற்கான பணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்கு நல்ல ஐஸ் பெட்டியே தாராளம். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் பாளம் ஐஸ், உடைத்த ஐஸை விட மெதுவாகக் கரையும். கட்டியை அடியில் வைத்து, உடைத்ததை மீனைச் சுற்றிப் போடுவது மீனவர்களுக்குத் தெரிந்த பழைய வழி. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு.

தூண்டிலை எங்கே வைப்பது?

இரண்டு துண்டாகக் கழற்றும் தூண்டில் கம்பி வாங்கினால் தொல்லை இல்லை. பத்தடிக் கம்பியும் ஐந்தடியாகிவிடும். நாலு இஞ்ச் பிவிசி பைப்பை வெட்டி இரண்டு பக்கமும் மூடி போட்டால், கம்பிகளை உள்ளே வைத்து வண்டிக்குள்ளேயே கட்டிவிடலாம். மொத்தச் செலவே சில நூறு ரூபாய்தான். கைப்பிடிகளுக்கு இடையே பட்டை கட்டி கூரையோரம் தொங்கவிடும் ஹோல்டர்கள் விற்கிறார்கள். பக்கவாட்டில் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அது வேண்டாம். ஏர்பேக் விரியும் பாதையில் கம்பி நிற்கும்.

கொக்கிகளை மூடி உள்ள பெட்டியில் போடுங்கள். முதலுதவிப் பெட்டியில் நுனி கூரான பிளையர் ஒன்று இருக்கட்டும். கெளிறு மீன் முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். தோல் பொத்துப்போகாத, பொறுக்கும் அளவு சூட்டில் உள்ள வெந்நீரில் காயத்தை வைத்தால் வலி குறையும், பிறகு டாக்டரைப் பார்க்கணும். பேத்தை மீன் சிக்கினால் சமைக்க நினைக்கவே வேண்டாம். அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

எங்கே போகலாம், எங்கே கூடாது?

வண்டியைக் கடல் மணலில் சட்டப்படி ஓட்டிப் பார்க்க ஆசையா? கேரளாவின் கண்ணூர் அருகே முழப்பிலங்காடு கடற்கரையில் சுமார் 4 கிலோமீட்டருக்கு இறுகிய மணலில் ஓட்டலாம். தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் அப்படி இறக்காதீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் சென்னை உள்ளிட்ட கரைகளில் முட்டையிடும். மணலுக்கு அடியில் இருக்கும் முட்டை டயருக்குக் கீழே போனால் உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. பொரித்த குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நகர்பவை. பிரகாசமான விளக்கைப் போட்டால் கடலுக்குப் போக வேண்டியவை ரோட்டுப் பக்கம் வந்துவிடும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடை, விசைப்படகுகளைக் குறிவைத்தது. கரையில் நின்று தூண்டில் போடுபவர்களுக்கான தடை அல்ல. ஆனால் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா தீவுகள் பக்கம் போகவே கூடாது. அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், கேட்காமல் தூண்டில் போட்டால் தகராறுதான். காவிரியில் சிக்கும் பெரிய மகசீர் மீனின் ஓர் இனம், அழிவின் விளிம்பில் இருப்பதாக சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் உள்ளது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், தங்குவது இன்னும் பெரிய குற்றம். பணம் கட்டித் தங்கும் தனியார் தோட்டமோ, அரசு அனுமதி பெற்ற முகாமோதான் பாதுகாப்பு.

ராத்திரி தூங்கும் முன்

இதை மட்டும் கண்டிப்பாகப் படியுங்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பின் கரியை அணைக்காமல் அறையில் வைத்துத் தூங்கிய இளைஞர்களில் இரண்டு பேர் உயிரிழந்தனர். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே மயக்கம் வரும், எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாது.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்க வேண்டாம். கேஸ் அடுப்பு, கரி அடுப்பு எதுவும் டென்ட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போகக்கூடாது, மழை பெய்தாலும் சரி. இரண்டு ஜன்னலையாவது விரல் அளவு திறந்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. கூரை டென்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதிதான் ஆகும்.

கடற்கரைக்குப் போய்வந்தால் அடுத்த நாளே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள். பிரேக், சேஸிஸ் இடுக்கு, சக்கரத்தின் உள்பக்கம் எதையும் விடாதீர்கள். தூண்டில் ரீலையும் சேர்த்துதான். உப்பு ஒரு வாரம் காத்திருக்காது.